மயிரிழையில்

பஸ் இன்னும் கிளம்பவில்லை, அதற்குள் தமயந்திக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பின்வாசல் வழியாக ஏறி, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் இடது ஓரத்து ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை தலைகளுக்கும் அப்பால், டிரைவர் சீட்டில் அவள் புருஷன் நல்லசிவத்தின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. நேற்றுதான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். காக்கிச் சட்டைக் காலருக்கு மேலே வெயில் படாத தோல் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளுப்பாக, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் கழுத்துபோல இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஓட்டுகிற வண்டியில் அவள் ஏறியதில்லை. அந்த மலை லைனில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். வீட்டுப் பொம்பளை வண்டியில் இருந்தால் டிரைவருக்கு மனசு ரெண்டாகும், ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் கண்ணாடியிலும் போகும் என்பார்கள். கீழே ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போவதென்றால் அவர் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்து போவாள். ஒன்றரை மாசம் கழித்து அவர் மறுபடி வண்டி எடுக்கிற முதல் நாள் இன்று, அவருக்குத் தெரியாமல் ஏறியாயிற்று. தப்புத்தான். வீட்டில் இருந்திருந்தால் மட்டும் என்ன, அடுப்பை மூடினோமா மூடவில்லையா என்று நாலு தரம் போய்ப் பார்த்துக்கொண்டு, போன் அடித்தால் ஒரு பயம், அடிக்காவிட்டால் ஒரு பயம் என்று உட்கார்ந்திருப்பாள். காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் இட்லியைப் பிட்டு அப்படியே வைத்துவிட்டு, "இன்னைக்கு முடியலைன்னா இனி ஸ்டியரிங்கத் தொட மாட்டேன், தமயந்தி. முதலாளிகிட்டச் சொல்லிட்டு ஷெட்டுலயே உக்காந்துக்கறேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், சட்னிக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரி. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

எஞ்சின் உறுமியது, ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடின. கண்டக்டர் சின்னராசு விசில் ஊதிவிட்டு டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தான். கடைசி வரிசைக்கு வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. "அக்கா?" என்றான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவனும் அன்றைக்கு இதே வண்டியில் இருந்தவன். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவேயில்லை, கடைவீதியில் பார்த்தால்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போய்விடுவான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவன் குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்குத் தெரியுமாக்கா?" என்றான். "தெரியாது. நீயும் சொல்லாதே சாமி." அவன் தலையாட்டிவிட்டுப் போனான். காலுக்கடியில் இரண்டு பலாப்பழங்களைச் சாக்கில் கட்டி உருட்டி வைத்துக்கொண்டு, மூன்றாவதை மடியிலேயே பிள்ளைபோல வைத்திருந்த பக்கத்து சீட்டுக்காரி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்கு வேறு கவலை. "ஏன் அம்மிணி, இன்னைக்கு யாரு ஓட்டறான்னு பாத்தியா? சித்திரைக் கடைசீல ஒம்பதாம் வளைவுல கவுக்கப் போனானே, அந்தாளு! ஏறி உக்காந்தப்புறந்தான் மூஞ்சியப் பாத்தேன். எறங்கிரலாம்னா இந்தப் பழத்த யாரு தூக்கி எறக்கறது? மூணு பழத்துக்கு ஆசப்பட்டு உசுரக் கையில புடிச்சிட்டு உக்காந்திருக்கேன் போ." தமயந்திக்குக் காது மடல் சுட்டது. "அவரு கவுக்கலீங்க. நிறுத்தித்தான் வெச்சாரு" என்றாள். "நீ பாத்தியாக்கும்?" "பேப்பர்ல போட்டிருந்துச்சு." சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. பேப்பரில் அப்படிப் போடவில்லை.

பேப்பரில் போட்டிருந்தது அவளுக்கு மனப்பாடம். அரிசி டப்பாவுக்குள், மூடிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறாள். அவர் அரிசி டப்பாவைத் திறக்கிற ஆள் இல்லை. 'மலைப்பாதையில் அந்தரத்தில் தொங்கிய பஸ். 41 பயணிகள் மயிரிழையில் உயிர் தப்பினர்.' முதல் தடவை படித்தபோது அந்தச் சொல்லிலேயே கால் தடுக்கியது. வீட்டில் மயிர் என்று வாயில் வந்தால் அம்மா கரண்டியாலேயே போடுவாள். அதை இத்தனை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, கொழுந்தனார் வேறு எதிரில் உட்கார்ந்து படித்துச் சொல்லச் சொல்கிறாரே என்று அந்த இடத்தில் மட்டும் முணுமுணுத்துவிட்டுத் தாண்டினாள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'மறுபொழப்புப் பொழச்சு வந்தான்' என்பார்கள். 'சாமி காப்பாத்துச்சு' என்பார்கள். மயிரிழையில் என்பது பேப்பர்க்காரர்கள் மட்டும் வைத்திருக்கிற சொல். ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. தம்பி பிறந்து அம்மா படுத்தபோது நின்றவள், திரும்பப் போகவே இல்லை. அந்த ஏழாம் வகுப்பில் சுசீலா டீச்சர் தினமும் பலகையில் அஞ்சு சொல் எழுதிப்போட்டு, வாக்கியத்தில் அமைத்து எழுதுங்கள் என்பார். மற்றதில் எப்படியோ, அதில் தமயந்திதான் முதல். 'படிப்படியாக' என்று போட்டால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கோயில் படியில் ஏறுவார்கள். அவள், 'அப்பாவின் கோபம் படிப்படியாகத் தணிந்தது' என்று எழுதினாள். டீச்சர் அவளை எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொன்னார். இந்த ஒன்றரை மாசமாக, பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும், யாரோ பலகையில் எழுதிப் போட்ட மாதிரி அந்தச் சொல் எதிரில் வந்து நிற்கிறது. மயிரிழையில். வாக்கியத்தில் அமை.

பதினான்காம் வளைவுக்கான மஞ்சள் பலகை ஜன்னலைக் கடந்து போயிற்று. கொண்டை ஊசி வளைவு. பஸ் மூக்கை வலப்பக்கம் ஒடித்தது, பலாப்பழம் உருண்டு அவள் கணுக்காலில் முட்டியது. அவர் நிதானமாகத்தான் திருப்பினார். பதின்மூன்று. பன்னிரண்டு. வெளியே சாரல். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மேகம் புகுந்து உட்கார்ந்திருந்தது. 'அவன் மயிரிழையில் உயிர் தப்பினான்.' சரி. 'கல் மயிரிழையில் விலகிப் போனது.' அதுவும் சரி. 'அவன் மயிரிழையில் செத்துப்போனான்.' இது வரவில்லை. எத்தனை தரம் எழுதிப் பார்த்தாலும் வாக்கியம் நிற்க மாட்டேன் என்கிறது. ஏன் வரவில்லை? செத்துப்போனவனுக்கும் அதே மயிரிழைதானே நடுவில் இருந்திருக்கும்? ஓர் அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால், ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் அவனும் இருந்திருப்பான். ஆனால் அவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மாட்டார்கள். தேர்தலில் தோற்றவனுக்குக்கூடக் கொடுக்கிறார்கள், மயிரிழையில் வெற்றியைப் பறிகொடுத்தார் என்று. அவன்தான் உயிரோடு இருக்கிறானே, அடுத்த தேர்தலில் நிற்பான். ஆக, அது பிழைத்தவர்களுக்கான சொல். எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து, கால் கழுவி உட்கார்ந்த பிறகு சொல்கிற சொல். நடந்துகொண்டிருக்கும்போது அது மயிரிழையா மரக்கட்டையா என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதி நரை, பாதி கறுப்பு. கண்ணை இடுக்கிப் பார்த்தால் இருந்தது, இமைத்தால் இல்லை. இந்த அகலத்துக்குள்தான் நாற்பத்தொரு பேர் புகுந்து வெளியே வந்திருக்கிறார்கள்.

நாற்பத்தொன்று. இங்கேதான் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்ளும். நாற்பத்தொரு பயணிகள். கைக்குழந்தை உட்பட என்றுகூடப் போட்டிருந்தது. அவரையும் சின்னராசுவையும் எண்ணவில்லை. சின்னராசுவாவது வெளியே நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தான். அவர்? அவரைப் பற்றிக் கடைசி வரியில், 'டிரைவரிடம் விசாரணை நடைபெற்று வருகிறது' என்று இருந்தது. விசாரணையும் நடந்து, அவர் மேல் குற்றமில்லை, மழையில் ஊறிய மண்ணோரம் இடிந்ததுதான் காரணம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அதைப் பேப்பரில் போடவில்லை. மலையில் இறங்குகிற வண்டி, பாரத்தோடு ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். அதுதான் முறை. லாரி ஏறி வந்தது, இவர் பின்னால் எடுத்தார், சின்னராசு வா வா என்று விசில் கொடுத்தான், மண் போய்விட்டது. இடது பின்சக்கரம் ஒன்றுமில்லாத இடத்தில் சுற்றியது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதித்த கால் மிதித்தபடி இருபது நிமிஷம், "ஓடாதீங்க, ஒவ்வொருத்தரா முன்பக்கமா வாங்க, அந்தக் குழந்தைய முதல்ல வாங்குங்க" என்று சொல்லிச் சொல்லி இறக்கியிருக்கிறார். லாரிக்காரன் சங்கிலி மாட்டி இழுத்துப் பிடித்த பிறகும் அவர் இறங்கவில்லை, நாலு பேர் கையைப் பிடித்துத் தூக்கித்தான் இறக்கினார்களாம். "ஹேண்ட் பிரேக் போட்டிருந்தீங்கல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். "போட்டிருந்தேன். ஆனா காலை எடுக்க மனசு வரலை" என்றார். இன்றைக்கும் எடுக்கவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அந்த வலது கால் தரையை அழுத்தும், குதிகால் நரம்பு கயிறாகப் புடைக்கும். மத்தியானம் அசந்து தூங்கும்போதும் அப்படித்தான். வெந்நீர் வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, விரல் விரலாக நீவி விடுவாள். "விடு புள்ள, கூசுது" என்று சிரிப்பார். அவள் மடியில் கிடக்கிறபோதுதான் அந்தக் கால் கொஞ்சம் தளர்ந்து காலாக இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் மறுபடி பிரேக்கின் மேல். நாற்பத்தொரு பேர் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் இன்னும் அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். 'அவர் மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. தப்பினார் என்று எப்படி எழுதுவது, இன்னும் வந்து சேரவில்லையே.

பதினொன்று. பத்து. பலாப்பழக்காரி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, "அடுத்ததுதான் கண்ணு" என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ்ஸில் அதுவரை வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிவிட்டார்கள். ஒன்பதாம் பலகையைத் தாண்டியதும் அந்த இடம் தெரிந்தது. புதிதாகச் சரளை கொட்டி, ஓரத்தில் கற்களை நட்டு வெள்ளையடித்திருந்தார்கள். கல்லுக்கு அப்பால் மேகம் மட்டும்தான். சொல்லி வைத்த மாதிரி கீழிருந்து ஹாரன் அடித்தது. செங்கல் லாரி ஒன்று, மூச்சுத் திணறிக்கொண்டு வளைவுக்குள் ஏறி வந்துவிட்டது. அவனால் நிற்கவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. பஸ் நின்றது. இவர்தான் பின்னால் எடுத்து அந்த ஓரத்தில் ஒதுங்க வேண்டும். சின்னராசு குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடி வந்தான். அவள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றான். விசிலை வாயில் வைத்தான். ஊதினான், வா வா என்று. வண்டி அசையவில்லை. மறுபடி ஊதினான். அவன் உதடு நடுங்கியதில் காற்றுத்தான் அதிகம் வந்தது, சத்தம் வரவில்லை. எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அந்த வெளுத்த கழுத்து கல்லாக இருந்தது. அவர் இப்போது எதை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கும் இந்த விசில்தானே வா என்றது. அதே விசில், அதே சுருதி. அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்ததைத்தான் ஊதினான். ஆனால் அந்தச் சத்தத்தை நம்பி அந்தக் கால் இனி எப்படி எழும்பும்?

லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தபடி எடுக்கவில்லை. "என்னய்யா, பொழுதுக்கும் நிக்கறதா?" என்று நடுவிலிருந்து ஒருவன் கத்தினான். "முடியலைன்னா எறங்கிச் சொல்லுய்யா, வேற ஆளு வந்து எடுக்கட்டும்." பலாப்பழக்காரி, "நான் சொல்லல?" என்று பழத்தை இறுக்கிக்கொண்டாள். நல்லசிவம் மெதுவாக, மிக மெதுவாக, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்தக் கன்னத்தை அவளுக்குத் தெரியும். இறங்கப் போகிறார். இறங்கிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு நடந்தே மேலே போய்விடுவார். நாளைக்கு ஷெட்டில் உட்கார்வார். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், முதலாளியும் மறுக்க மாட்டார், அவளுக்கும் பயமில்லாமல் போகும், இனி எந்தப் போனையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒரு கணம் அந்த ஆசை அவளுக்கு நிஜமாகவே வந்தது. இறங்கிடுங்க, நாம வீட்டுக்குப் போயிரலாம். ஆனால் அவர் எந்த வீட்டுக்கு வருவார்? ஷெட்டில் உட்கார்ந்தாலும் பெஞ்சுக்கு அடியில் அந்தக் கால் மிதித்துக்கொண்டேதான் இருக்கும். சாகிறவரைக்கும் மிதித்துக்கொண்டு இருக்கும். தமயந்தி எழுந்தாள். முக்காடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையையும் தோளையும் நீட்டினாள். பார்க்கக் கூடாது என்று ஒன்றரை மாசமாகக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த இடம் அது. இப்போது கண்ணைத் திறந்து பார்த்தாள். சக்கரம் இருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் சரளை இருந்தது, நனைந்து, கருநீலமாக. அதற்கப்புறம் வெள்ளைக்கல். சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அவ்வளவு இடம். "சின்னராசு, அந்தச் சரளைமேல ஏறி மிதி. நல்லாக் குதி" என்றாள். அவன் அவளை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, போய் நின்று குதித்தான். மறுபடி குதித்தான். கல்லோரம் வரைக்கும் குதித்துக்கொண்டே போனான். ஒன்றும் அசையவில்லை.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டாள். பஸ்ஸில் நாலைந்து ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் டிரைவர் சீட்டில் அந்தக் கழுத்து சிலிர்த்துக்கொண்டது. கண்ணாடியில் அவர் கண் தேடியது. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள். இப்போது அங்கிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. "ஏனுங்க, இடம் இருக்குதுங்க. நான் பாத்துட்டிருக்கேன். வாங்க." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பயம் இல்லாத குரல் என்று சொல்ல முடியாது. பயத்தை ஒரு பக்கம் இறக்கி வைத்துவிட்டு வந்த குரல். ஹாரன் நின்றுவிட்டது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு, காலுக்கடியில் எங்கிருந்தோ, 'புஸ்' என்று நீளமாகக் காற்று விடுபடுகிற சத்தம் கேட்டது. அத்தனை நாளாக அடைத்து வைத்திருந்த மூச்சு அது. பிரேக் எழும்பிவிட்டது. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது, சரளை நறநறவென்று நொறுங்கியது. "வாங்க. வாங்க. இன்னுங் கொஞ்சம். வரலாமுங்க, வாங்க." வீட்டு வாசலில் நின்று யாரையோ அழைக்கிற மாதிரியே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னராசு விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வாங்க என்று சொல்லும்போதெல்லாம் கையை மட்டும் அசைத்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் இருக்கும்போது, "போதுமுங்க" என்றாள். பஸ் நின்றது. அவ்வளவு மெதுவாக ஒரு வண்டி நிற்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. செங்கல் லாரி உரசாமல் ஊர்ந்து மேலே போயிற்று. அதன் டிரைவர் கையைத் தூக்கினான். நல்லசிவமும் தூக்கினார். வண்டி முன்னால் நகர்ந்து, வளைவை முழுசாக வாங்கி, அந்தப் பக்கம் இறங்கியது.

சின்னராசு பின்படியில் தொற்றி ஏறி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே முன்னால் போனான். டிரைவர் சீட்டிலிருந்து, திரும்பாமலே, சத்தமாக ஒரு குரல் வந்தது. "ஏய் சின்னராசு! கடைசி சீட்டு அம்மாவத் தலைய உள்ள இழுத்துக்கச் சொல்லு. வெளிய நீட்டக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குதல்ல? படிக்கத் தெரியாதாமா?" யாரோ சிரித்தார்கள். குரலின் அடியில் என்ன இருந்தது என்பது அவளுக்கு மட்டும் கேட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் முழங்கால் இரண்டும் தட்டிக்கொள்ள ஆரம்பித்தன. சாரலில் முகம் நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று. பலாப்பழக்காரி மடியிலிருந்த பழத்தைக் கீழே இறக்கி வைத்தாள். தமயந்தியை, முன்னால் தெரிந்த கழுத்தை, மறுபடி தமயந்தியைப் பார்த்தாள். "உன்ற ஊட்டுக்காரரா?" "ஆமாங்க." "அதச் சொல்லியிருக்கலாமல்ல. நாம்பாட்டுக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் சாக்குக் கயிற்றை நெருடிக்கொண்டிருந்துவிட்டு, கனமான, பால் பிசுக்கு ஒட்டிய கையை எடுத்து இவள் முழங்கால் மேல் வைத்து, நடுக்கம் நிற்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "முன்னால லேடீஸ் சீட்டு காலியா இருக்குது பாரு. போய் அவரு பக்கத்துல உக்காரு கண்ணு. நான் வழி விடறேன்." ஜன்னலில் எட்டாம் பலகை வந்துகொண்டிருந்தது. தமயந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "வேண்டாங்க்கா. இன்னும் எட்டு வளைவு இருக்குது. நான் இங்கயே இருக்கேன்."